பதிவேட்டில் பேர் இருந்தது, கடையை மூடும் அதிகாரம் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏழாம் எட்வர்டு மன்னர் காலத்து லண்டனைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வெள்ளை ஓடு பதித்த பால்கடை, பளபளக்கும் கேன்கள் என்று படங்களெல்லாம் நன்றாகவே இருந்தன. ஆனால் சட்டம் கடுமையாக இருந்ததால் அந்தக் காலத்து நகரவாசிகளுக்குச் சுத்தமான பாலும் உணவும் கிடைத்தன என்று கட்டுரையாளர் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த வரி என்னை இரண்டு நாளாக விடவில்லை. பொதுச் சுகாதாரத்தில் ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் காலத்து ஆய்வாளர்கள் என்ன பாடுபட்டார்கள், எந்த இடத்தில் அவர்கள் கை கட்டப்பட்டிருந்தது என்பதைத் தேடித்தேடிப் படித்திருக்கிறேன். பால் சுத்தமாக இல்லை. சட்டமும் கடுமையாக இல்லை. சட்டத்தில் இருந்த ஓட்டைகளோடு தெருத்தெருவாகப் போராடிய ஆட்கள்தான் இருந்தார்கள்.

முதலில் நிலைமையைப் பார்ப்போம். 1901-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த ஒவ்வொரு ஆயிரம் குழந்தைகளில் 151 குழந்தைகள் ஒரு வயது முடிவதற்குள் இறந்தன. கோடை வந்தாலே நகரங்களில் வயிற்றுப்போக்கு வரும், அதில் முதலில் போவது புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகள். 1910-இல் இறப்பு ஆயிரத்துக்கு 105 என்று இறங்கியது, அடுத்த ஆண்டே கடும் வெயில் அடிக்க மறுபடி 130-க்கு ஏறிவிட்டது. இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்க்கும் யாரும் அந்தக் காலத்துப் பால் சுத்தமாக இருந்தது என்று எழுத மாட்டார்கள்.

பால் எப்படி வந்தது என்றும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் லண்டன் நகரத்துக்குள்ளேயே ஆயிரக்கணக்கில் மாடுகள் இருந்தன. 1865-66-இல் வந்த, மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய் அந்தத் தொழுவங்களைக் காலி செய்ததிலிருந்து ரயில்தான் பால் கொண்டுவந்தது. எங்கோ ஒரு கிராமத்தில், காற்றும் வெளிச்சமும் இல்லாத தொழுவத்தில், சாணி காய்ந்து ஒட்டிய மடியிலிருந்து கறந்த பாலை 17 கேலன் (சுமார் 77 லிட்டர்) கேனில் ஊற்றி, வண்டியில் ஏற்றி, ஸ்டேஷனில் காத்திருந்து, லண்டனில் பாடிங்டன் நிலையத்திலோ யூஸ்டன் நிலையத்திலோ இறக்கி, மொத்த வியாபாரி ஒருவர், சில்லறை வியாபாரி ஒருவர் என்று கை மாறி, கடைசியில் ஏழைகள் தெருவில் உள்ள சில்லறைக் கடைக்கு வரும்போது அந்தப் பாலுக்கு ஒரு நாள் வயதாகியிருக்கும். அங்கே மண்ணெண்ணெய், விறகு, கரி, காய்கறி எல்லாம் விற்கிற அதே மேஜையில் மூடாத பாத்திரத்தில் பால் இருக்கும். ஈ மொய்க்கும். லண்டனில் ஒரு குவார்ட் (ஒரு லிட்டருக்குச் சற்று மேல்) பால் நாலு பென்னி. அவ்வளவு கொடுக்க முடியாதவர்கள் அரை பென்னிக்கு ஒரு குவளை வாங்கினார்கள். அதுவும் கட்டாதவர்கள் ஆடை எடுத்த டின் பாலைக் குழந்தைக்குக் கரைத்துக் கொடுத்தார்கள்.

வெள்ளை ஓடு பதித்த கடைகள் இல்லாமல் இல்லை. பணக்காரப் பகுதிகளில் பெரிய பால் கம்பெனிகள் அப்படி நடத்தின. சில கம்பெனிகள் தங்கள் பண்ணைகளைத் தாங்களே சோதித்தன, சொந்தமாக ஆய்வுக்கூடமும் வைத்திருந்தன. ஆனால் லண்டனின் ஏழைப் பகுதிகளான ஃபின்ஸ்பரியிலோ பெத்னல் கிரீனிலோ ஒற்றை அறையில் ஏழெட்டுப் பேரோடு குடியிருந்த தாய் அந்தக் கடைக்குப் போகவில்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம். தொழுவங்களையும் பால்கடைகளையும் பற்றி 1885-இல் ஓர் ஆணை வந்தது. மாடு வளர்ப்பவர், பால் விற்பவர் எல்லோரும் உள்ளூர் அதிகாரியிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். தொழுவத்தில் வெளிச்சம், காற்று, வடிகால், நல்ல தண்ணீர் இருக்க வேண்டும். தொற்றுநோய் உள்ளவர் கறக்கக் கூடாது, பாத்திரத்தைத் தொடக் கூடாது. பால் வைக்கும் இடத்தில் யாரும் படுக்கக் கூடாது, கழிப்பறை அதற்குள் திறக்கக் கூடாது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவு என்ன பதிவு? பேரைக் கொடுத்தால் எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கடை எவ்வளவு மோசமாக இருந்தாலும் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரம் உள்ளூர் நிர்வாகத்துக்கு இல்லை. ஆய்வாளர் போய்ப் பார்ப்பார், நோட்டீஸ் கொடுப்பார், சுண்ணாம்பு அடிக்கச் சொல்வார், திரும்பி வருவார். ஒரு மாதத்தில் கடை பழையபடி ஆகிவிடும், பதிவேட்டில் பேர் அப்படியே இருக்கும். லண்டனில் பதிவு மறுக்கவும், ஏற்கெனவே பதிவான கடையை நீக்கவும் அதிகாரம் கிடைத்தது 1908-இல், லண்டன் முழுவதற்குமான நிர்வாக மன்றமாகிய லண்டன் கவுண்டி கவுன்சில் கொண்டுவந்த சட்டத்தில்தான். எட்வர்டு மன்னர் 1901-இல் பட்டத்துக்கு வந்து 1910-இல் இறந்தார். அவர் காலத்தின் முக்கால் பகுதி இந்த அதிகாரம் இல்லாமலேயே போயிருக்கிறது. கட்டுரையாளர் சொல்லும் கடுமை எங்கே?

நான் வேலையில் இருந்தபோது ஒரு விஷயத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆய்வாளர் மறுபடியும் வருவார் என்று கடைக்காரருக்குத் தெரிந்தால் போதாது, அவர் வந்தால் கடையை மூடவும் முடியும் என்று தெரிய வேண்டும். அந்தக் காலத்து மருத்துவ அதிகாரிகள், அதாவது உள்ளூர் நிர்வாகத்தில் பொதுச் சுகாதாரத்தைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், தங்கள் ஆண்டறிக்கைகளில் வருடா வருடம் கேட்டதும் இதைத்தான்.

மாதிரி எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் அந்த ஆட்களின் கெட்டிக்காரத்தனம் தெரியும். 1875-இல் வந்து 1899-இல் திருத்தப்பட்ட உணவு, மருந்து விற்பனைச் சட்டப்படி ஆய்வாளர் காசு கொடுத்துத்தான் பொருளை வாங்க வேண்டும். வாங்கியவுடன் இது பகுப்பாய்வுக்கு என்று கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். அங்கேயே மூன்றாகப் பிரித்துச் சீல் வைத்து, ஒன்றைக் கடைக்காரருக்கும் ஒன்றை உள்ளூர் நிர்வாகம் நியமித்த பகுப்பாய்வாளருக்கும் கொடுத்துவிட்டு, மூன்றாவதைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். வழக்கில் தகராறு வந்தால் அந்த மூன்றாவது பாட்டில் அரசு ரசாயன ஆய்வுக்கூடத்துக்குப் போகும். நேர்மையான முறை, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் பாதுகாப்பு உண்டு.

சிக்கல் என்னவென்றால் ஒரு பகுதியில் நாலு வாரம் சுற்றினால் ஆய்வாளரின் முகம் எல்லாக் கடைக்கும் தெரிந்துவிடும். அவர் தெருமுனையில் திரும்பும்போதே செய்தி கடைசிக் கடைக்குப் போய்விடும், கேட்டதும் அவருக்கு நல்ல பால் கிடைக்கும். அதனால் அவர்கள் வேறு ஆட்களை அனுப்பி வாங்க வைத்தார்கள். ஒரு வேலைக்காரப் பெண்ணோ சிறுவனோ ஜக்கோடு உள்ளே போய் வழக்கம்போலப் பால் வாங்குவார், பின்னாலேயே ஆய்வாளர் நுழைவார். ஞாயிற்றுக்கிழமை யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியத்தில் அன்றைக்குத் தண்ணீர் அதிகம் சேர்க்கிறார்கள் என்று சந்தேகம் வந்ததும் ஞாயிறு காலையிலும் மாதிரி எடுத்தார்கள். விடியும் முன்பே ரயில் நிலையத்துக்குப் போய் கேன்களிலிருந்தே எடுத்தார்கள், தண்ணீர் சேர்ந்தது பண்ணையிலா கடையிலா என்று அப்போதுதானே பிரித்துச் சொல்ல முடியும்? இத்தனையும் செய்து வழக்குப் போட்டால், பால் சுத்தமானது என்று மொத்த வியாபாரி எழுதிக் கொடுத்த உத்தரவாதச் சீட்டைக் கடைக்காரர் நீதிமன்றத்தில் நீட்டுவார், தப்பித்துக்கொள்வார். முதல் குற்றத்துக்கு 20 பவுண்டு வரை அபராதம் போடலாம் என்று சட்டம் சொன்னாலும், உச்சபட்ச அபராதத்தை விதித்த நீதிபதிகள் அபூர்வம்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. 1901-இல் வேளாண்மை வாரியம் பாலுக்கு ஓர் அளவு வைத்தது. கொழுப்பு 3 சதவீதத்துக்குக் கீழேயோ, கொழுப்பு அல்லாத திடப்பொருள் 8.5 சதவீதத்துக்குக் கீழேயோ போனால், தண்ணீர் சேர்த்தார்கள் அல்லது ஆடை எடுத்தார்கள் என்று கருதப்படும், இல்லை என்று விற்றவர்தான் நிரூபிக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சோதனை தண்ணீரையும் கொழுப்பையும் மட்டும்தான் பார்த்தது. பாலில் சாணி இருக்கிறதா, சீழ் இருக்கிறதா, கோடிக்கணக்கில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கவே இல்லை. சாணி கலந்த பாலில் கொழுப்பு 3 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பகுப்பாய்வாளர் ‘கலப்படம் இல்லை’ என்று சான்று கொடுத்துவிடுவார். குழந்தையைக் கொன்றது தண்ணீர் சேர்த்த மோசடியைவிட இந்த அழுக்குத்தான். சட்டம் வாங்குபவரின் காசைக் காப்பாற்றியது, உயிரைக் காப்பாற்ற அதில் வழி போதவில்லை. இன்னொன்று, நல்ல கொழுப்புள்ள பாலில் ஆடை எடுத்த பாலைக் கலந்து மிகச் சரியாக 3 சதவீதத்துக்கு இறக்கி விற்கிற வித்தையையும் சில வியாபாரிகள் கற்றுக்கொண்டார்கள். பிடிக்க வழியே இல்லை.

பால் கெடாமல் இருக்கப் போரிக் அமிலமும் ஃபார்மலினும் போட்டார்கள் என்பதும் உங்கள் கட்டுரையில் இல்லை. பழைய பாலைப் புதிய பால் மாதிரி காட்ட அது உதவியது. அரசு அமைத்த குழு ஒன்று 1901-இலேயே பாலில் இவற்றைத் தடை செய்யச் சொன்னது. 1906-இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. தடை விதி வந்தது 1912-இல். பதினோரு வருடம். அப்போதும் க்ரீமுக்கு விதிவிலக்கு, லேபிள் ஒட்டி விற்கலாம்.

அப்புறம் காசநோய். எனக்கு மிகவும் ஆத்திரம் வரும் இடம் இது. மாட்டின் மடியில் காசநோய் இருந்தால் கிருமி நேராகப் பாலுக்கு வரும், குழந்தைகளின் குடலையும் எலும்பையும் கழுத்துச் சுரப்பிகளையும் பிடிக்கும். 1901-இல் லண்டனில் நடந்த காசநோய் மாநாட்டில், அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் காக் அவர்களே எழுந்து, மாட்டுக் காசநோயால் மனிதர்களுக்கு ஆபத்து மிகக் குறைவு என்று சொன்னார். அவ்வளவு பெரிய மனிதர் சொன்னதும் பால் வியாபாரிகளுக்கு வசதியாகப் போயிற்று. அரசு உடனே ஒரு ராயல் கமிஷன், அதாவது உயர்மட்ட விசாரணைக் குழு, அமைத்தது. மாட்டிலிருந்து மனிதனுக்கு, அதிலும் பால் வழியாகக் குழந்தைகளுக்கு இந்த நோய் வரும் என்று அந்தக் கமிஷன் 1907-இல் இடைக்கால அறிக்கையிலேயே காட்டியது, 1911-இல் இறுதி அறிக்கையில் உறுதியாகச் சொன்னது. காக் மாதிரியான மேதையின் ஒரு தவறான வார்த்தை எத்தனை ஆண்டு தயக்கத்தை வாங்கித் தந்தது பாருங்கள்.

ஆனால் மான்செஸ்டர் காத்திருக்கவில்லை. அங்கே மருத்துவ அதிகாரியாக இருந்தவர் ஜேம்ஸ் நிவன், கிருமி ஆய்வைப் பார்த்துக்கொண்டவர் ஷெரிடன் டெலெபின். 1899-இலேயே அந்த நகரம் தனக்கென்று ஒரு சட்டம் வாங்கி வைத்திருந்தது. நகருக்கு வரும் பாலில் காசநோய்க் கிருமி இருந்தால், நகர எல்லையைத் தாண்டிப் போய் அந்தப் பண்ணையின் மாடுகளையே சோதிக்கலாம், நோயுள்ள மாட்டின் பால் ஊருக்குள் வராமல் தடுக்கலாம். ரயில் நிலையத்தில் மாதிரி எடுப்பார்கள், டெலெபினின் ஆய்வுக்கூடத்தில் அதைக் கினிப்பன்றிக்கு ஊசி போட்டுப் பார்ப்பார்கள். முடிவு தெரிய வாரக்கணக்கில் ஆகும். தெரிந்ததும் கால்நடை மருத்துவரோடு பண்ணைக்குப் போவார்கள். அதற்குள் சில விவசாயிகள் சந்தேகமான மாட்டைச் சந்தையில் தள்ளிவிடுவார்கள். அந்த மாடு அடுத்த பண்ணைக்குப் போய், இப்படிச் சட்டம் இல்லாத வேறொரு நகரத்துக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும். மான்செஸ்டர் தன் எல்லையைக் காப்பாற்றிக்கொண்டது, நாடு முழுக்க ஒரே சட்டம் இல்லாததால் நோய் இடம் மாறியது. மற்ற நகரங்கள் ஒவ்வொன்றாக இதே சட்டப் பிரிவுகளைக் கேட்டு வாங்கின. லண்டனுக்கு 1907 வரை இது இல்லை! தலைநகரத்துக்கே இந்த நிலை.

பாலை விட்டு மற்றதைப் பார்த்தால், அதிகாரம் இருந்த இடத்தில் வேலை நடந்திருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். நிலவறை பேக்கரிகளையே எடுத்துக்கொள்வோம். தெரு மட்டத்துக்கு மூன்று அடிக்கு மேல் கீழே, சாக்கடைக் குழாய் ஓடும் இடத்தில், காற்றே இல்லாமல் ராத்திரி முழுக்க ரொட்டி சுட்டார்கள். 1901-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம், 1904 ஜனவரி 1-க்குப் பிறகு உள்ளூர் கவுன்சில் தகுதிச் சான்று கொடுக்காத நிலவறை பேக்கரி எதுவும் நடக்கக் கூடாது என்றது. உடனே அளவெடுத்தார்கள், காற்றுக் குழாய் வைக்கச் சொன்னார்கள், தரையைப் பூசச் சொன்னார்கள், செய்யாதவர்கள் மூட வேண்டியதாயிற்று. சான்று இல்லையென்றால் கடை இல்லை, அதனால் வேலை நடந்தது. ஐஸ்கிரீமுக்கும் 1902-இல் லண்டனில் விதி வந்தது. படுக்கும் அறையில் செய்யக் கூடாது, தள்ளுவண்டியில் பேரும் முகவரியும் எழுதியிருக்க வேண்டும், வீட்டில் தொற்றுநோய் வந்தால் தெரிவிக்க வேண்டும். உணவகங்களின் சமையலறைகளைப் பெண் ஆய்வாளர்களும் போய்ப் பார்த்தார்கள். 1890-களில் ஒன்றிரண்டு பேராகத் தொடங்கி எட்வர்டு காலத்தில் லண்டனின் பல பரோக்களில் (உள்ளாட்சிப் பகுதிகளில்) வேலைக்கு வந்த பெண்கள் இவர்கள். அவர்களைப் பற்றி உங்கள் பத்திரிகை தனியாகவே எழுதலாம்.

இறைச்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சந்தையில் கெட்ட இறைச்சியைப் பிடித்தார்கள், நீதிபதியிடம் காட்டி அழித்தார்கள். ஆனால் வெட்டுவது தனியார் கொட்டில்களில், சந்து பொந்துகளில். வெட்டும்போது ஆய்வாளர் அங்கே இருந்தால்தானே உறுப்புகளைப் பார்த்து நோயைச் சொல்ல முடியும்? பொதுவான வெட்டுக்கூடம் வேண்டும் என்று 1898-இல் ஒரு ராயல் கமிஷன் சொல்லியும் பெரும்பாலான நகரங்களில் அது நடக்கவில்லை.

கடையை மட்டும் சோதித்தால் போதாது என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் போதும். 1900-இல் மான்செஸ்டரிலும் சுற்று வட்டாரத்திலும் பீர் குடித்த ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கை கால் மரத்துப் போயிற்று, 70 பேராவது இறந்தார்கள். முதலில் குடிப்பழக்கத்தால் வந்தது என்றே நினைத்தார்கள். கடைசியில் பார்த்தால், பீருக்குச் சேர்த்த சர்க்கரையைத் தயாரிக்கப் பயன்பட்ட கந்தக அமிலத்தில் ஆர்சனிக் இருந்தது. மதுக்கடை எவ்வளவு சுத்தமாக இருந்து என்ன பயன்? 1902-இல் வின்செஸ்டரிலும் சவுத்தாம்டனிலும் நடந்த மேயர் விருந்துகளில் சிப்பி சாப்பிட்டவர்களுக்கு டைபாய்டு வந்தது, வின்செஸ்டர் தேவாலயத்தின் தலைமைக் குருவே இறந்தார். சிப்பிகள் வந்தது எம்ஸ்வர்த் என்ற கடற்கரை ஊரிலிருந்து, அங்கே ஊர்ச் சாக்கடை சிப்பிப் படுகையில் கலந்தது. பணக்காரர்கள் மேஜையிலும் இதுதான் நடந்தது.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். லண்டனுக்கு வெளியே பல ஊர்களில் மருத்துவ அதிகாரி பகுதி நேர ஊழியர், ஆண்டுக்கு ஆண்டு கவுன்சில் புதுப்பித்தால்தான் வேலை. அந்தக் கவுன்சிலில் உட்கார்ந்திருந்தவர்களில் கசாப்புக் கடைக்காரரும் பால் வியாபாரியும் வீட்டுச் சொந்தக்காரரும் உண்டு. யார் கடையில் நோட்டீஸ் ஒட்டுகிறாரோ அவர் கையில்தான் இவர் சம்பளம் இருந்தது. அப்படியிருந்தும் எழுத வேண்டியதை எழுதிய அதிகாரிகளை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

சில நகரங்கள் சட்டத்துக்குக் காத்திருக்காமல் தாங்களே குழந்தைகளுக்குப் பால் கொடுக்கத் தொடங்கின. செயின்ட் ஹெலன்ஸ் 1899-இல், லிவர்பூல் 1901-இல், லண்டனின் பாட்டர்ஸீ 1902-இல் பால் நிலையங்களைத் திறந்தன. ஃபின்ஸ்பரியில் ஜார்ஜ் நியூமன் மருத்துவ அதிகாரியாக இருந்தபோது 1904-இல் ஒன்று திறந்தது. அங்கு வந்த குழந்தைகளுக்கு நன்மைதான், ஆனால் ஊரின் மொத்தக் குழந்தைகளில் அங்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர், மற்றவர்களுக்கு அதே தெருமுனைக் கடைதான்.

நாடு முழுவதற்குமான பால் சட்டத்துக்கு அப்போதைய உள்ளாட்சித் துறை அமைச்சர் ஜான் பர்ன்ஸ் 1909-இல் மசோதா கொண்டுவந்தார், நிறைவேறவில்லை. 1914-இல் ஒரு சட்டம் நிறைவேறியது, உடனே போர் வந்தது, தள்ளிப்போட்டார்கள். 1915-இல் அதைத் தொகுத்துத் திரும்பவும் நிறைவேற்றினார்கள், அதுவும் நடைமுறைக்கு வந்தது 1925-இல்! என்ன செய்ய வேண்டும் என்று 1899-இலேயே மான்செஸ்டருக்குத் தெரிந்திருந்தது. இடையில் பிறந்த குழந்தைகளை யார் கணக்கில் எழுதுவது?

லண்டன் மருத்துவ அதிகாரிகளின் ஆண்டறிக்கைகளை லண்டனில் உள்ள வெல்கம் கலெக்ஷன் என்ற மருத்துவ வரலாற்று நூலகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஆர்வமுள்ள வாசகர்கள் 1900-க்கும் 1914-க்கும் இடைப்பட்ட ஏதாவது ஒரு பரோவின் அறிக்கையை எடுத்து, பதிவான பால்கடைகள் எத்தனை, அந்த ஆண்டு போய்ப் பார்த்தது எத்தனை முறை, கொடுத்த நோட்டீஸ் எத்தனை என்ற அட்டவணையையும், வயிற்றுப்போக்கில் இறந்த குழந்தைகளின் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர், உங்கள் நீண்ட நாள் வாசகர்